திரையில் தோன்றி மறையும் அந்த எண் யாருடையது?

"கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கும்போது திரையில் நீளமாக ஒரு எண் வருகிறது. சில விநாடிகளில் தானே மறைகிறது. ரிமோட்டில் எதை அமுக்கினாலும் போவதில்லை. மறுபடி வரும்போது வேறு இடத்தில் வருகிறது. நம் வீட்டை யாரோ பார்க்கிறார்கள் என்று மாமியார் பயந்து, பாக்ஸின் சிவப்பு விளக்கில் பிளாஸ்திரி ஒட்டிவிட்டார். உண்மையிலேயே பார்க்க முடியுமா?" என்று மதுரையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

பிளாஸ்திரியை எடுத்துவிடலாம். தெருக் கம்பத்திலிருந்து வரும் வயரை மட்டும் நம்பி ஓடும் சாதாரண கேபிள் செட்டாப் பாக்ஸால் ஒரு சொல்லைக்கூடத் திருப்பி அனுப்ப முடியாது. இன்டர்நெட் இணைத்த பாக்ஸ் என்றால் கதை வேறு. சாதாரண பாக்ஸ் கேட்கும், பேசாது. பேசாத பாக்ஸை வைத்துக்கொண்டு, பணம் கட்டியவருக்கு மட்டும் சேனலைத் திறப்பது எப்படி? அந்த எண்ணும் இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

அடிப்படையை வேகமாகக் கடந்துவிடுவோம். கேபிள் நிறுவனத்தின் கண்ட்ரோல் ரூமில் டிஷ்கள் பிடிக்கும் சேனல்களை டிஜிட்டலாகச் சுருக்கி, 8 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள அலைவரிசைகளில் அடுக்கி, ஒரே வயரில் அனுப்புகிறார்கள். அப்படி ஓர் அலைவரிசையில் விநாடிக்குச் சுமார் 38 மெகாபிட் போகும், அதாவது 0 அல்லது 1 என்ற இலக்கங்கள் (பிட்) 3.8 கோடி. எல்லாமே 188 பைட் (ஒரு பைட்டுக்கு 8 பிட்) கொண்ட சின்னச் சின்னப் பொட்டலங்கள். கணக்குப் போட்டால் விநாடிக்குச் சுமார் 25,000 பொட்டலங்கள்.

இனி பூட்டுக்கு வருவோம். ஒவ்வொரு பொட்டலத்தின் முதல் 4 பைட் முகவரிச் சீட்டு மாதிரி. அதைத் திறந்தே விடுகிறார்கள். உள்ளே இருக்கும் படத்தையும் ஒலியையும் மட்டும் ஒரு ரகசிய எண்ணால் கலைத்துவிடுகிறார்கள். கேபிள் உலகம் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் பூட்டில் அந்த எண் 64 பிட். அதில் 16 பிட் சரிபார்ப்புக்குப் போய்விடும், மிச்சம் 48. அதிலேயே 281 லட்சம் கோடி சாவிகள் சாத்தியம். அதோடு விடுவதில்லை. சுமார் 10 விநாடிக்கு ஒருமுறை சாவியையே மாற்றிவிடுகிறார்கள்.

சாவி மாறும் அந்தக் கணத்தில் படம் திக்க வேண்டாமா? திக்குவதில்லை. எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு அலுக்காத இடம் இது. பாக்ஸின் கையில் எப்போதும் இரண்டு சாவிகள் உண்டு. ஒன்றுக்கு 'ஒற்றை' என்று பெயர், இன்னொன்றுக்கு 'இரட்டை'. ஒற்றைச் சாவியால் படம் திறந்துகொண்டிருக்கும்போதே அடுத்த இரட்டைச் சாவி வயரில் வந்து சேர்ந்துவிடும். அந்த முகவரிச் சீட்டில் இதற்கென்றே இரண்டு பிட் இடம் இருக்கிறது. 00 என்றால் பூட்டு இல்லை. 10 என்றால் இரட்டைச் சாவி, 11 என்றால் ஒற்றை. பொட்டலமே "என்னை எந்தச் சாவியால் திற" என்று சொல்லிவிடுகிறது. விநாடிக்கு 25,000 பொட்டலம் ஓடும் ஆற்றில், ஒரு பொட்டலத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே சாவி கைமாறுகிறது. நாம் சீரியல் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

வயரில் வரும் சாவியும் சும்மா வராது, இன்னொரு பூட்டுக்குள் வரும். அதைத் திறக்கும் உரிமைதான் நாம் மாதாமாதம் பணம் கட்டி வாங்குவது. போன மாதம் பணம் கட்ட மறந்து என் வீட்டில் சேனல்கள் நின்றுபோயின. கேபிள்காரத் தம்பி மாடிப்படியில் நின்றபடியே மொபைலில் பாக்ஸ் நம்பரைத் தட்டி, 'ரீட்ராக்' கொடுத்தார், அதாவது என் பாக்ஸுக்கான அனுமதியை மறுபடி அனுப்பச் சொன்னார். "டிவியை ஆஃப் பண்ணிராதீங்க அண்ணே, அஞ்சு நிமிஷத்துல வந்துரும்" என்றார். ஏன் ஆஃப் பண்ணக் கூடாது? ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ தெருத்தெருவாகப் போய் வீட்டு எண்ணைச் சொல்லி அறிவிப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கேட்டீர்களா என்று தெரிந்துகொள்ள வழியில்லாததால் ஆட்டோ சுற்றிச் சுற்றி வந்து அதையே சொல்கிறது. "இந்த எண் பாக்ஸுக்கு இந்தச் சேனல்கள், இந்தத் தேதி வரை" என்ற செய்தி ஊரிலுள்ள எல்லா பாக்ஸின் காதிலும் விழும். தன் எண் வந்தால்தான் பாக்ஸ் எடுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் பிளக்கைப் பிடுங்கியிருந்தால், ஆட்டோ மறுபடி வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

வாசகி கேட்ட எண்ணும் இதே வழியில் வருகிறது. "எல்லோரும் உங்கள் எண்ணைத் திரையில் காட்டுங்கள்" என்று கண்ட்ரோல் ரூமிலிருந்து ஒரே ஒரு கட்டளை போகிறது. ஒவ்வொரு பாக்ஸும் தன் எண்ணை எழுதிக்கொள்கிறது. யாராவது மேட்சைப் பதிவுசெய்து திருட்டுத்தனமாக வெளியே விட்டால், அவருடைய பாக்ஸ் எண்ணும் படத்தோடு போகும். அதைப் பார்த்து அந்த ஒரு பாக்ஸை மட்டும் நிறுத்திவிடலாம். இதற்கு ஃபிங்கர்பிரின்ட் என்று பெயர். இடம் மாறி மாறி வர வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலே தெரிய வேண்டும், ரிமோட்டால் நீக்க முடியக் கூடாது என்பதெல்லாம் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2017-ல் வகுத்த விதிகள். கண்ணுக்குத் தெரியாமல் பதியும் வகையும் உண்டு.

செட்டாப் பாக்ஸ் இல்லாமல் வயரை நேரே டிவியில் செருகிய அனலாக் காலத்தில் இப்படி எதுவும் கிடையாது. வயரை இரண்டாகப் பிரிக்கும் ஒரு ஸ்பிளிட்டர் போட்டால் பக்கத்து வீட்டிலும் படம் தெரியும். ஆபரேட்டரிடம் எத்தனை இணைப்பு என்பது அவர் சொன்னால்தான் உண்டு. 2003 செப்டம்பரில் சென்னையில் செட்டாப் பாக்ஸ் முறை தொடங்கியபோது பலர் அதைக் கூடுதல் செலவாகத்தான் பார்த்தார்கள். ஆனால் பூட்டோடு சேர்ந்து ஒரு கணக்குப் புத்தகமும் வந்தது. எந்த பாக்ஸ் எப்போது திறந்தது, எப்போது மூடியது என்ற பதிவைக் கண்ட்ரோல் ரூமில் யாரும் திருத்த முடியாதபடி வைத்திருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை தணிக்கையும் உண்டு.

இது பணக் கணக்கு. என்ன ஓடுகிறது என்பதைப் பார்க்கும் பொறுப்பு ஊருக்குள்ளேயே இருக்கிறது. 1995-ம் ஆண்டின் கேபிள் சட்டப்படி மாவட்ட ஆட்சியர், கோட்டாட்சியர், காவல் ஆணையர் ஆகியோருக்கு நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் உண்டு. ஆட்சியர் தலைமையில் மாவட்டக் கண்காணிப்புக் குழுவும் அமைக்கச் சொல்லியிருக்கிறார்கள், எஸ்.பி., மகளிர் கல்லூரி முதல்வர் போன்றவர்கள் அதில் உறுப்பினர்கள். கோயில் திருவிழாவையும் உள்ளூர்ச் செய்தியையும் காட்டும் லோக்கல் சேனல்களை நடத்தும் கேபிள் நிறுவனங்கள், ஒளிபரப்பை 90 நாள் பதிவுசெய்து வைக்க வேண்டும் என்று 2022-ல் விதி வந்தது. இந்தக் குழுக்களில் உள்ளூர்க் கல்லூரியின் எலக்ட்ரானிக்ஸ் ஆசிரியர் ஒருவரும் உட்கார வேண்டும் என்பது என் ஆசை. பதிவேட்டைப் படிக்கத் தெரிந்தவர் கேட்கும் கேள்வியே வேறு.

இன்னொரு வருத்தமும் உண்டு. இந்தப் பூட்டுகளில் பெரும்பாலானவை வெளிநாட்டுச் சரக்கு. மத்திய அரசு நிதி கொடுத்து, பெங்களூருவின் பைடிசைன் நிறுவனமும் அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக்கும் சேர்ந்து இந்தியப் பூட்டு ஒன்றைச் செய்தார்கள். வெளிநாட்டுப் பூட்டின் உரிமம் பாக்ஸுக்கு 4, 5 டாலர் விற்றபோது, இதை அரை டாலருக்குத் தருவதாக அறிவித்தார்கள். அப்படியொரு வேலையைச் செய்து காட்டிய கைகளுக்கு நிதி தொடர்ந்து போய்ச் சேர வேண்டும். 1994-ல் பிறந்த அந்த 48 பிட் பூட்டு இன்றைய கணினிகளுக்கு முன்னால் பலவீனம். அடுத்த தலைமுறைக்கு 128 பிட் சாவி. ஒருமுறை செய்துவிட்டு மூட்டை கட்டும் வேலை இல்லை இது.

வாசகிக்கு ஒரு சின்ன வேலை. அடுத்த முறை அந்த எண் வரும்போது மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு பாக்ஸைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். பாக்ஸ் நம்பர், கார்டு நம்பர் இரண்டில் ஒன்றோடு அது பொருந்தும். பொருந்தாவிட்டால் உங்கள் டிவிக்குப் படம் வேறு யாருடைய பாக்ஸிலிருந்தோ வரலாம். அப்போது கேபிள்காரரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். மாமியாரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே கேளுங்கள்.