ஐம்பத்தொன்பது கிலோ படகு

1969-ஆம் ஆண்டில் கனடியப் படகு வடிவமைப்பாளர் புரூஸ் கெர்பி, தொலைபேசியில் பேசிக்கொண்டே ஒரு தாளில் கிறுக்கிய கோட்டுப்படம்தான், பிறகு லேசர் என்ற பெயரில் இரண்டு லட்சத்துக்கும் மேல் கட்டப்பட்ட ஒற்றையாள் பந்தயப் படகாயிற்று. மறுமுனையில் இருந்த இயன் புரூஸ் கேட்டது, கார் கூரையில் ஏற்றிச் செல்லத்தக்க ஒரு சிறு பாய்மரப் படகு. நீளம் சுமார் 4.2 மீட்டர், பாயின் பரப்பு ஏறத்தாழ 7 சதுர மீட்டர், படகுடலின் எடை 59 கிலோ. அதில் ஏறி அமர்பவரோ பெரும்பாலும் 80 கிலோ இருப்பார். சுமையே வாகனத்தைவிடக் கனமாக இருப்பதால், இவ்வகைப் படகின் வடிவமைப்பு முழுவதும் எடை எங்கே நிற்கிறது என்ற ஒரு கேள்வியைச் சுற்றியே நடக்கிறது.

காற்றுக்கு எதிராகச் சாய்வாகச் செல்லும்போது பாய், விமான இறக்கையைப் போல் வேலை செய்கிறது. ஆனால் அதில் பிறக்கும் விசையின் பெரும்பகுதி படகைப் பக்கவாட்டில்தான் தள்ளும். அதைத் தடுப்பது படகின் நடுவே நீருக்குள் இறங்கி நிற்கும் ஒரு மெல்லிய பலகை. நீர், காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது என்பதால், ஏழு சதுர மீட்டர் பாயை எதிர்க்க அந்தச் சிறு பலகையே போதும். மேலே பாய் ஒரு பக்கம் தள்ள, கீழே பலகை மறுபக்கம் தள்ள, படகு கவிழப் பார்க்கிறது. பெரிய படகுகளில் அடியில் தொங்கும் ஈயம் அதை நிமிர்த்தும். இங்கே அந்த ஈயம் மனிதரே. கால்களைப் பட்டைக்குள் மாட்டிக்கொண்டு அவர் உடலை விளிம்புக்கு வெளியே சாய்க்கிறார். நடுக்கோட்டிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நிற்கும் 80 கிலோ, பாய்க்கும் பலகைக்கும் இடையே இரண்டரை மீட்டர் இருந்தால், 32 கிலோ அளவு பக்கத்தள்ளலைத்தான் சமன் செய்யும். காற்றின் வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். மனிதரின் எடையோ அப்படியேதான் இருக்கும்.

ஆகவே மிச்ச விசையைப் பாயே உதறிவிட வேண்டும். லேசரின் பாய்மரத்தைத் தாங்கக் கம்பிகள் கிடையாது. ஒன்றுக்குள் ஒன்று செருகிய இரண்டு குழாய்கள், அவ்வளவுதான். கயிற்றை இறுக்கினால் மரம் வளையும், பாயின் வயிறு தட்டையாகும், விசை குறையும். எளிமை என்று பலர் கடந்துபோகும் இந்த வளைவுதான், என் கணிப்பில், அந்தப் படகின் மிக நுட்பமான பாகம்.

வேகத்துக்கு வேறொரு தடை உண்டு. படகு விரைய விரைய, அது எழுப்பும் அலையின் நீளமும் கூடும். அலையின் நீளம் படகின் நீளத்தை எட்டும்போது, படகு தன் சொந்த அலையின் சரிவில் ஏறத் திணறுகிறது. லேசர் அளவுள்ள படகுக்கு இது மணிக்கு 9 கிலோமீட்டர் அளவிலேயே நேரும். அடிப்பகுதியின் பின்பாதி தட்டையாகவும் எடை குறைவாகவும் இருந்தால், போதிய காற்றில் படகு அந்த அலைமீது ஏறி வழுக்கத் தொடங்கும். 1928-இல் இங்கிலாந்தின் உஃபா ஃபாக்ஸ் இப்படி வடிவமைத்த அவெஞ்சர், 57 பந்தயங்களில் 52-இல் முதலாவதாக வந்தது. ஆனால் தட்டையான அடி இளங்காற்றில் அதிக நீரை உரசும். முன்பாதியைச் சற்று உருட்டியும் பின்பாதியைப் படிப்படியாகத் தட்டையாக்கியும் வடிவமைப்பாளர்கள் இரண்டுக்கும் நடுவே ஒரு சமரசம் காண்கிறார்கள்.

பட்டறையில் படகு வெளியிலிருந்து உள்ளாகப் பிறக்கிறது. மெழுகு தேய்த்துப் பளபளப்பாக்கிய அச்சுக்குள் முதலில் தெளிப்பது, நாளை நீரைத் தொடப்போகும் ஜெல்கோட் என்ற வண்ணப் படலம். தடிமன் அரை மில்லிமீட்டர் அளவு. அதன்மேல் கண்ணாடி இழை விரிப்பு, அதில் ஊறி இறுகும் ரெசின் என்ற பிசின். வரிப்பள்ளமுள்ள உருளையால் அழுத்தி உருட்டும்போது, வெண்மையாகக் கிடந்த இழை நனைந்து கண்ணாடிபோல் தெளிவாகும். எங்காவது வெண்புள்ளி மிஞ்சினால் அங்கே காற்றுக்குமிழி சிக்கியிருக்கிறது. வலு தருவது இழை. தேவைக்கு மேற்பட்ட ரெசின் வெறும் பாரம். அதனால் ரெசினை அளந்துதான் கலக்க வேண்டும். விறைப்புத் தேவையான இடங்களில் இரண்டு இழை அடுக்குகளுக்கு நடுவே இலேசான நுரைத் தகடு வைப்பார்கள். தடிமன் இரட்டிப்பானால், எடை சிறிதே கூட, விறைப்பு பல மடங்காகும்.

உடலையும் மேல்தளத்தையும் விளிம்பில் ஒட்டி மூடிய பிறகு உள்ளே கை நுழையாது. ஆகவே பாய்மரம் நிற்கும் குழியையும் பலகை இறங்கும் கூட்டையும் மூடும் முன்பே சரியாகப் பொருத்திவிட வேண்டும். குழியில் மணல் தங்கினால், மரம் சுழலச் சுழல அது அடியை அரைத்துவிடும். பழைய படகு வாங்குபவர்கள் அந்தக் குழியில் நீரை ஊற்றிச் சற்று நேரம் காத்திருப்பது இதனால்தான். மட்டம் இறங்கினால் நீர் படகின் வயிற்றுக்குள் போகிறது.

பந்தயம் மாலுமிகளுக்கிடையே நடக்க வேண்டுமென்றால் படகுகள் ஒன்றுபோல் இருக்க வேண்டும். மொத்த எடையை மட்டும் நிறுத்துப் பார்ப்பது போதாது. நடுவிலிருந்து இரண்டு மீட்டர் தொலைவில், முனையில் இருக்கும் ஒரு கிலோ, அரை மீட்டரில் இருக்கும் ஒரு கிலோவைவிடப் பதினாறு மடங்கு சுழற்சித் தடையைத் தரும். முனைகள் கனத்த படகு ஒவ்வோர் அலையிலும் தலையாட்டி வேகம் இழக்கும். எனவே முனைகளை மெலிதாக்கி, அங்கே குறைத்த எடையை நடுவில் நிரப்பி, தராசை ஏமாற்றுவது எளிது. 1952 முதல் 2021-இல் நடந்த டோக்கியோ போட்டி வரை ஒலிம்பிக்கில் ஓடிய ஃபின் என்ற ஒற்றையாள் படகுகளுக்கு, பல பட்டறைகள் கட்டியதால், இதற்கென்றே லம்போலே சோதனை இருந்தது. படகை ஓர் அச்சில் தொங்கவிட்டு ஊசல்போல் ஆட்டி நேரம் குறிப்பார்கள். பிறகு வேறு உயரத்தில் உள்ள இன்னோர் அச்சில் அதையே செய்வார்கள். இரண்டு அலைவு நேரங்களையும் கணக்கிட்டால், படகைத் திறக்காமலேயே எடை உள்ளே எப்படிப் பரவியிருக்கிறது என்பது வெளியே வந்துவிடும்.