பெண்டிங்: வளைப்பு அல்ல, ஒதுக்கு

அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையான ப்ளூஸில் பேர்பெற்ற கிடார்க் கலைஞர் ஆல்பர்ட் கிங்கைப் பற்றித் தமிழில் எதைப் படித்தாலும் ‘கம்பிகளை வளைத்து வாசிப்பவர்’ என்ற வரி எப்படியோ நுழைந்துவிடுகிறது. தமிழ்ப்பற்று சற்றுக் கூடியவர்கள் அதையே ‘நரம்பு வளைப்பு’ என்று கலைச்சொல்லாக்கிவிடுகிறார்கள். ப்ளூஸ் கிடாரின் ‘பெண்டிங்’குக்கு இதைவிடப் பொருந்தாத சொல்லைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

பெண்டிங் என்றால், ஃப்ரெட்டில் (கிடார்க் கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) விரல் அழுத்திய கம்பியை அந்த அழுத்தம் விடாமல் பக்கவாட்டில் தள்ளுவது, அல்லது இழுப்பது. கம்பி இறுகும், சுரம் ஏறும். பழைய ஆங்கிலத்தில் ‘பெண்டன்’ என்பது வில்லுக்கு நாணேற்றுவதைக் குறித்தது. கட்டுவதைக் குறிக்கும் ‘பைண்ட்’ அதற்கு உறவுமுறை. நாணேற்றும்போது வளைவது வில்தான், நாண் விறைக்கும். கிடாரில் நடப்பது அந்த நாணின் கதை. நம்மவர்கள் வில்லின் கதையைப் பெயர்த்துவிட்டார்கள்.

தமிழில் வளைத்த பொருள் வளைந்தே இருக்கும். ‘கம்பி வளைக்கிறார்’ என்றால் கட்டட வேலையில் முறுக்குக் கம்பியை ரிங்காக மடக்குகிறவர்தான் நினைவுக்கு வருவார். கிடார் கம்பியோ விரலை எடுத்ததும் நேராகிவிடுகிறது. ‘இழுக்கும் நேரத்தில் வளைந்துதானே தெரிகிறது’ என்பார்கள். தெரிவது ஒரு முனை மட்டுமே. விரலுக்கு இருபுறமும் கம்பி நேராகத்தான் நிற்கிறது. அது எப்படியும் போகட்டும், காது கேட்பது வடிவத்தையா? இறுக்கத்தைத்தான். சுருதி இறுக்கத்தின் வர்க்கமூலத்தை ஒட்டி ஏறுவதால், அரைச்சுரம் ஏற இறுக்கம் 12 சதவீதம் கூட வேண்டும். முழுச்சுரத்துக்கு 26, ஒன்றரைச் சுரத்துக்கு 41. கை படும் பாடு இதுதான். ‘வளைப்பு’ என்ற சொல்லில் இதில் ஒரு துளியும் இல்லை.

சொல் பிழைத்தால் கையும் பிழைக்கிறது. ‘வளை’ என்று படிக்கும் மாணவர் ஒற்றை விரல்நுனியால் கம்பியைக் கொக்கி போட்டுப் பார்ப்பார்; சுரம் போக வேண்டிய இடத்துக்குச் சற்று முன்பே நின்று அபசுரமாகும். மோதிர விரல் கம்பியில், அதற்குப் பின்னால் நடுவிரலும் ஆள்காட்டி விரலும் துணைக்கு, கட்டைவிரல் கழுத்தின் மேல்விளிம்பில், திருப்புவது மணிக்கட்டு: இதுதான் முறை. பக்கத்துக் கம்பி விரலுக்கடியில் மாட்டினால், இறக்கும்போது ‘டொய்ங்’ என்று தனியாகக் குரல் கொடுக்கும். திரும்பி வந்த கம்பி சுருதி இறங்கி நின்றால் குற்றம் பெரும்பாலும் நட்டின் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் கட்டை) பள்ளத்தில். பென்சில் கரியைத் தடவினால் கம்பி சிக்காமல் ஓடும்.

வீணைக்காரர்களிடம் இதற்குச் சொல் எப்போதோ இருக்கிறது. சுப்பராம தீட்சிதர் 1904-இல் எட்டயபுரத்தில் வெளியிட்ட ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ தெலுங்கு நூல். அதில் வரும் கமகப் (சுரத்தை அசைத்து அழகூட்டும் முறை) பெயர்களில் ஒன்று, கேட்டவுடன் தமிழ்க்காதுக்குப் புரிகிற ‘ஒதுக்கு’. வீணையின் ஒரு மெட்டில், அதாவது ஃப்ரெட்டில், நின்றபடியே கம்பியை ஒதுக்கி மேல்சுரத்தை எடுப்பது. பெண்டிங்கும் அதுவேதான். இன்று ‘ஒதுக்கு’ என்றால் இட ஒதுக்கீடும் தள்ளிவைப்பதுமே நினைவுக்கு வருகிறதே என்ற தடை நியாயமானதுதான். ஆனால் இலையில் கறிவேப்பிலையை ஒதுக்குகிறோம், ஜன்னல் திரையை ஒதுக்குகிறோம். சொல் சாகவில்லை. ‘இழுப்பு’ பேச்சில் இன்னும் எளிது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். வினையாக ‘இழுத்தார்’ என்று எழுதலாம், பெயராக வேண்டாம். ‘ஆல்பர்ட் கிங்கின் இழுப்பு’ என்றால் அவருக்கு மூச்சிரைப்பு என்றாகிவிடும்.

அவர் விஷயத்தில் ‘இழுத்தார்’ என்பது வெறும் அழகுக்காக அல்ல. இடக்கைக்காரர், வலக்கைக்காரர் கிடாரைக் கம்பி மாற்றாமல் அப்படியே கவிழ்த்துப் பிடித்தார். மெல்லிய கம்பிகள் மேலே போயின. மற்றவர்கள் மேல்நோக்கித் தள்ளும் கம்பியை இவர் தரையை நோக்கி, கை மூடும் திசையில் இழுத்தார். போதாததற்குச் சுருதியையும் தாழ்த்திக் கம்பியைத் தளர்த்திக்கொண்டார். அத்தனை பெரிய ஒதுக்கு அவருக்கு வசப்பட்டது இப்படித்தான். ‘வளைத்தார்’ என்று எழுதினால் திசையும் போச்சு, காரணமும் போச்சு.

1967-இல் ஸ்டாக்ஸ் இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்ட ‘பார்ன் அண்டர் எ பேட் சைன்’ ஆல்பத்தில் இதைத் தெளிவாகக் கேட்கலாம். அதன் பாடல்கள் 1966, 67-இல் மெம்ஃபிஸில் பல அமர்வுகளில் பதிவானவை. பின்னணியில் புக்கர் டி. அண்ட் தி எம்.ஜி.ஸ் குழு, கூடவே ஊதுகருவிக் குழுவான மெம்ஃபிஸ் ஹார்ன்ஸ். தாளம் அசையாமல் நிற்க, அவர் நாலைந்து சுரங்களை மட்டுமே வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் வெவ்வேறு அளவுக்கு ஒதுக்குகிறார். வெளியானபோது பில்போர்டின் முதன்மை ஆல்பப் பட்டியலில் அதற்கு இடமில்லை. கிடார்க்காரர்கள் காத்திருக்கவில்லை: எரிக் கிளாப்டன் இருந்த க்ரீம் குழு 1968-லேயே தலைப்புப் பாடலைத் தானும் வாசித்து வெளியிட்டது. ப்ளூஸ் ஹால் ஆஃப் ஃபேம் 1985-இலும், கிராமி ஹால் ஆஃப் ஃபேம் 1999-இலும் ஆல்பத்தைச் சேர்த்துக்கொண்டன. இந்தப் புகழில் பெரும்பங்கு அந்த ஒதுக்குகளுக்கு.

நம்மவர்கள் அந்த ஆல்பத்தின் தலைப்பையும் விடுவதில்லை. ‘கெட்ட அடையாளத்தின் கீழ் பிறந்தவன்’ என்கிறார்கள். வில்லியம் பெல்லும் புக்கர் டி. ஜோன்ஸும் எழுதிய அந்தப் பாட்டின் ‘சைன்’ சோதிடச் சொல், அதாவது ராசி. தெருவுக்குத் தெரு ‘ராசியில்லாதவன்’ என்று பேசுகிற மொழியில் ஒருவனை அடையாளத்துக்குக் கீழே பிறக்கவைக்கிறவர்களிடம் ஒதுக்கைப் பற்றி எங்கே போய்ப் பேசுவது?