தம்கா: வெள்ளிக் காசில் ஏறிய சூட்டுக்குறி

மங்கோலியர் ஆட்சியில் அச்சான திர்ஹம் என்னும் இஸ்லாமிய வெள்ளிக் காசுகள் சிலவற்றில், அரபு வாசகத்தோடு கவைக்கோல் மாதிரி ஒரு குறி நிற்கும். எழுத்தும் இல்லை, பூவேலையும் இல்லை. அதன் பெயர் தம்கா.

துருக்கிய மொழிகளிலும் மங்கோலியத்திலும் வழங்கும் சொல் இது. கால்நடைக்குப் போடும் சூட்டுக்குறி என்பதே பழைய பொருள். வேலியே இல்லாத புல்வெளியில் எந்தக் குதிரை யாருடையது என்று பிறகு எப்படித்தான் சொல்வது? குதிரைத் தொடையில் இருந்தது குலத்துக்கு அடையாளமாகி, அப்புறம் அரச முத்திரையாகிக் காசிலும் ஏறிவிட்டது. செங்கிஸ் கானின் பேரன் பாது கான் வழியினரின் குறியை 1266இல் ஆட்சிக்கு வந்த மெங்கு தைமூர் கான் காலக் காசுகளில் பார்க்கலாம். கானின் பெயரே இல்லாத காசுகளும் உண்டு. அவற்றில் ஆள்வது எந்தக் குலம் என்று காட்டுவது தம்காதான். கிரிமியாவை ஆண்ட கிராய் மரபின் சீப்பு வடிவத் தம்கா, கிரிமியத் தாத்தாரியரின் கொடியில் இன்றும் இருக்கிறது.

ஈரானில் மங்கோலியர் வாங்கிய வணிக வரிக்கும் இதே பெயர். மார்க்கத்துக்கு ஒவ்வாத வரி என்ற முணுமுணுப்பு அதன்மேல் ஓயவில்லை. 1527இல் கான்வா போருக்கு முன் பாபர் முஸ்லிம்களுக்கு இந்த வரியை நீக்கினார். ரஷ்ய மொழியில் சுங்க அலுவலகத்தைக் குறிக்கும் ‘தமோஷ்னியா’ இந்தச் சொல்லிலிருந்து வந்ததுதான். உருதுவில் தம்கா என்றால் பதக்கம். பாகிஸ்தான் அரசு தரும் ‘தம்கா-இ-இம்தியாஸ்’ அப்படி வந்தது.

சரி, தமிழில்? முத்திரை, இலச்சினை என்று எழுதலாம், தப்பில்லை. ஆனால் குலத்தின் வாசனை அவற்றில் வரவில்லை. எனக்குப் பிடித்தது ‘பொறி’. சோழரின் புலிப்பொறியும் பாண்டியரின் கயற்பொறியும் குல அடையாளங்களே. காவிரிப்பூம்பட்டினத்தில் சுங்கம் கொண்ட சரக்கின்மேல் புலி பொறித்து வெளியே விட்டதைப் பட்டினப்பாலை சொல்கிறது. குலக்குறி சுங்கக்குறியான கதை அங்கேயும் நடந்திருக்கிறது!

ஒரே சிக்கல், வெறும் பொறி என்றால் இன்று எலிப்பொறியும் பொறியியலும்தான் நினைவுக்கு வரும். ஆகவே குலப்பொறி. ‘காசின் ஒருபுறம் பாது கான் வழியினரின் குலப்பொறி’ என்று எழுதிப் பாருங்கள், உறுத்தாது.