கால்பந்துக் கழகத் தலைவரை எதை வைத்து எடைபோடுவது?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கணக்குத் தணிக்கை செய்து பிழைப்பவன் நான். கடைகள், சிறு தொழிற்கூடங்கள், இரண்டு மூன்று கோயில்கள் ஆகியவற்றோடு, சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம் பகுதிகளைச் சேர்ந்த சில அமெச்சூர் கால்பந்துக் கழகங்களின் கணக்குகளையும் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பார்த்து வருகிறேன். கழகங்களிடம் கட்டணம் வாங்குவது அபூர்வம்; பெரும்பாலும் ஒரு டப்பா பிரியாணியோடு விஷயம் முடிந்துவிடும். ஆனால் ஒரு தலைவர் எப்படிப்பட்டவர் என்பதை மைதானத்தில் கைதட்டும் ரசிகர்களுக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் முன்பாகவே தெரிந்துகொள்ளும் வசதி கணக்குப் பார்ப்பவனுக்கு உண்டு. அப்படித் தெரிந்துகொண்டதில் கொஞ்சத்தை ரசிகர்களோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

நல்ல தலைவர் யார் என்று எந்த ரசிகரைக் கேட்டாலும் முதலில் வருவது பணம்: கையைச் சுருக்காமல் செலவழிக்க வேண்டும், நல்ல ஆட்டக்காரர்களை வாங்க வேண்டும், கோப்பை வர வேண்டும். இதில் தவறில்லை. ஆனால் அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது, எந்தப் பெயரில் கழகத்துக்குள் நுழைகிறது என்ற இரண்டு கேள்விகளையும் நம்மவர்கள் கேட்பதே இல்லை.

நான் பார்த்த ஒரு கழகத்தின் கதையைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். அதன் தலைவர் தாராள மனிதர். புது ஜெர்சி, வெளியூர் ஆட்டங்களுக்கு மினிபஸ், வெற்றி பெற்றால் அன்றிரவு எல்லோருக்கும் சாப்பாடு. ஆண்டுக் கூட்டத்தில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் கொடுத்ததை எல்லாம் ரசிகர்கள் கொடை என்று நினைத்துக்கொண்டிருக்க, ஏட்டில் அது ஒவ்வொரு மாதமும் ‘தலைவர் கடன்’ என்ற தலைப்பின் கீழ் ஏறிக்கொண்டே போனது. நான் அதைச் சுட்டிக்காட்டியபோது, ‘எழுத்துக்காகத்தான், யார் திருப்பிக் கேட்கப் போகிறார்கள்’ என்று சிரித்தார்கள். ஐந்தாம் ஆண்டில் செயற்குழுவோடு மனக்கசப்பு வந்தது. கடன் திருப்பிக் கேட்கப்பட்டது. கழகத்துக்கு என்று இருந்த ஒரே சொத்தான மினிபஸ் அவர் வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்ந்தது. சட்டப்படி அவர் செய்ததில் குற்றம் காண முடியாது. குற்றம், கடனைக் கொடையாகக் காட்டி ஐந்து ஆண்டுகள் மாலை வாங்கிக்கொண்டதில் இருக்கிறது. ஆகவே தலைவர் பணம் போட்டார் என்ற செய்தி வந்தால், நன்கொடையாகவா கடனாகவா என்று அப்போதே கேட்டு, விடையைக் கூட்டக் குறிப்பில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அமெச்சூர் கழகத்தில் மினிபஸ் போனது. தொழில்முறைக் கழகங்களில் கழகமே போய்விடும். ஜெர்மனியில் உறுப்பினர்களின் கையில் பாதிக்கு மேற்பட்ட வாக்கு இருக்க வேண்டும் என்பது பொதுவிதி. பார்சிலோனாவில் உறுப்பினர்களே தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நம் நாட்டில் பிரீமியர் லீகில் ஆடும் உரிமை என்பது விற்கவும் வாங்கவும் கூடிய சொத்து. அதை வைத்திருப்பவர் விற்க முடிவு செய்தால், ஐம்பது ஆண்டுகளாக அந்த நிறத்தை அணிந்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. 1921இல் தொடங்கிய விட்ஸ் கழகம் 2016-17இல் முதன்முறையாக லீக் பட்டம் வென்றது. 2020இல் லீகில் அதற்கிருந்த இடம், அதாவது அந்த ஆடும் உரிமை, லிம்போபோ மாகாணக் கழகம் ஒன்றுக்கு விற்கப்பட்டது. புளும்ஃபொன்டைனின் செல்டிக், பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் பெயர்போன ‘சிவெலெலெ’ ரசிகர் கூட்டத்தைக் கொண்டது. 2021 ஆகஸ்டில் அதன் இடத்தை நம் மாகாணத்தின் ராயல் ஏஎம் வாங்கிக்கொண்டது. பிறகு 2025இல் பிரிட்டோரியாவின் சூப்பர்ஸ்போர்ட் யுனைடெட்டின் இடம் விற்கப்பட்டு, சிவெலெலெ என்ற பெயரிலேயே ஒரு கழகம் புளும்ஃபொன்டைனில் ஆடத் தொடங்கியது. ஓர் ஊர் அழுது முடித்த இடத்தில் இன்னோர் ஊர் அழத் தொடங்குகிறது.

சாட்ஸ்வொர்த்காரர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. பிரீமியர் சாக்கர் லீகின் முதல் பருவமான 1996-97இல், கோர்டன் இகெசுண்ட் பயிற்சியில் பட்டம் வென்றது நம்முடைய மேனிங் ரேஞ்சர்ஸ். ஜோகன்னஸ்பர்க்கின் பெரிய கழகங்கள் எல்லாம் அதற்குப் பின்னால்தான் நின்றன. பத்தாண்டுக்குள் அந்தக் கழகத்தின் இடம் கைமாறி, கேப்டவுனில் வேறொரு பெயரில் ஆடியது. இன்றும் திருமண வீடுகளில், பன்னி சௌ கடைகளில், அந்தப் பதினொருவர் பெயரை மனப்பாடமாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். பட்டம் வென்ற ஆண்டில், கழகத்தின் லீக் இடம் யார் பெயரில் இருக்கிறது, அதை விற்க யார் கையெழுத்துப் போட வேண்டும் என்று நம்மில் ஒருவராவது கேட்டோமா? நானும் அன்று கொடி பிடித்துக்கொண்டு நின்றவன்தான்; கேட்கவில்லை.

தாராளம் என்ற குணத்தைக் குறித்து இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் ரசிகரின் கண்ணை மறைப்பதில் அதற்கு நிகரில்லை. 1980களில் சன்டவுன்ஸ் கழகத்தை வாங்கிய சோலா மஹோபே, ஆட்டக்காரர்களை ராஜ மரியாதையோடு நடத்தினார். சன்டவுன்ஸ் நாடறிந்த கழகமானது அவர் காலத்தில்தான். பிறகுதான் தெரிந்தது, அந்தப் பணம் அவருடைய காதலி வேலை பார்த்த வங்கியிலிருந்து திருடப்பட்டது என்று. அவர் சிறைக்குப் போனார். கழகம் வங்கியின் கைக்குப் போனது. ‘ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே’ என்று நம் பாட்டிமார் சும்மாவா சொன்னார்கள்! வியப்பு என்னவென்றால், பழைய ரசிகர்கள் பலர் இன்றும் அவரைப் பாசத்தோடுதான் நினைவுகூர்கிறார்கள். எனக்கு அது புரிகிறது, ஒப்புக்கொள்ளத்தான் முடியவில்லை.

ராயல் ஏஎம் கதை அண்மையது. 2021இல் ஓர் ஆட்டத்தில் வென்றதும் உரிமையாளர் மைதானத்திலேயே ஆட்டக்காரர்களுக்குக் கட்டுக்கட்டாகப் பணம் கொடுத்த காட்சியை நாடே பார்த்தது. முதல் பருவத்திலேயே கழகம் மூன்றாம் இடம் பிடித்தது. ஆனால் உரிமையாளரின் வரி நிலுவைக்காக வருவாய்த் துறை கழகத்தின் மீது கைவைத்தது. நிர்வாகம் நீதிமன்றம் நியமித்த பொறுப்பாளரிடம் போனது. 2025இல் லீக் கழகத்தையே நீக்கியது. அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்த அன்று என் மனைவி ‘எவ்வளவு நல்ல மனசு’ என்றார். நான், ‘வரி பிடித்தார்களா?’ என்று கேட்டேன். அன்று வீட்டில் என்னோடு யாரும் பேசவில்லை.

வரியைப் பற்றிப் பேசுவது சலிப்பாக இருக்கலாம், ஆனாலும் ஒரு கழகம் தடுமாறத் தொடங்குவதை முதலில் காட்டிக்கொடுப்பது அதுதான். சம்பளத்தில் பிடித்த வருமான வரியை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கட்டிவிட வேண்டும். கையில் பணம் குறையும்போது தலைவர் முதலில் நிறுத்துவது இதைத்தான், ஏனென்றால் ஆட்டக்காரருக்குச் சம்பளம் வராவிட்டால் அன்றைக்கே சத்தம் கேட்கும். வருவாய்த் துறையின் சத்தம் கேட்க மாதக்கணக்கில் ஆகும். ஆட்டக்காரரின் சம்பளச் சீட்டில் வரி பிடித்ததாக இருக்கும். பிடித்த பணம் எங்கும் போய்ச் சேர்ந்திருக்காது. அடுத்த கட்டம் சம்பளம் பத்து நாள் தாமதமாவது. அதற்கடுத்தது ஆட்டக்காரர்கள் பயிற்சிக்கு வர மறுப்பது. 2023 டிசம்பரில் மொரோக்கா ஸ்வாலோஸ் ஆட்டக்காரர்கள் சம்பளப் பிரச்சினையால் வேலைநிறுத்தம் செய்ததும், அடுத்த ஆண்டே அந்தக் கழகத்தின் இடம் விற்கப்பட்டதும் நினைவிருக்கலாம்.

கோப்பையை வைத்துத் தலைவரை அளக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். அளக்கலாம், ஆனால் அது பாதி அளவுகோல். கைசர் சீஃப்ஸ் 2015இல் லீக் பட்டம் வென்ற பின் பத்தாண்டுகள் ஒரு கோப்பையும் இல்லாமல் இருந்து, 2025 மே மாதம் நம் மோசஸ் மபிடா மைதானத்தில் ஆர்லாண்டோ பைரேட்ஸை 2-1 என்று வென்று நெட்பேங்க் கோப்பையைத் தூக்கியது. அந்தப் பத்தாண்டுகளில் பயிற்சியாளர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். கழகப் பொறுப்புகளில் குடும்பத்தாரே நிறைந்திருக்கிறார்கள் என்று ரசிகர்கள் கொதித்தார்கள். கொதித்தது நியாயம்தான். ஆனாலும் 1970இல் அதைத் தொடங்கிய கைசர் மொட்டாங் அதன் பெயரையோ நிறத்தையோ ஊரையோ விலைபேசவில்லை. கோபித்துக்கொண்டு மைதானத்தை விட்டுப் போன ரசிகருக்கு, திரும்பி வர ஒரு கழகம் அப்படியே இருந்தது. டர்பனின் அமாசூலு கழகத்தில் நடந்தது வேறு மாதிரி: 2020இல் தொழிலதிபர் சன்டிலே சுங்கு அதை வாங்கினார், பட்டமே இலக்கு என்று வெளிப்படையாகச் சொன்னார், பென்னி மெக்கார்த்தி பயிற்சியில் 2020-21இல் கழகம் இரண்டாம் இடம் வந்தது, 2022 மார்ச்சில் அந்தப் பயிற்சியாளர் விலக்கப்பட்டார். இலக்கைச் சொல்லும் துணிச்சல் எனக்குப் பிடிக்கும். அதற்குத் தேவையான பொறுமையும் கூடவே இருந்திருந்தால் இன்னும் பிடித்திருக்கும். ஆட்ட நுணுக்கம் தலைவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை; தெரிந்தவரை வைத்துக்கொண்டு, தோற்கும்போது அவர் பின்னால் ஒளியாமல் இருந்தால் போதும்.

ரசிகரால் என்ன செய்ய முடியும்? நாம் நினைப்பதைவிட அதிகம். கழகம் கம்பெனியாகப் பதிவாகி இருந்தால், இயக்குநர்கள் யார் என்பதைக் கம்பெனிப் பதிவு ஆணையத்தில் யாரும் பார்க்கலாம். லாபநோக்கற்ற அமைப்பாகப் பதிவாகி இருந்தால், நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள் சமூக மேம்பாட்டுத் துறைக்கு அறிக்கையும் கணக்கும் அனுப்பியாக வேண்டும்; அனுப்பினீர்களா என்று கேட்பதற்கு ஆடிட்டராக இருக்க வேண்டியதில்லை. வெறும் சங்கமாக நடப்பது என்றால் அதற்கு ஒரு விதிமுறைப் புத்தகம் இருக்கும். அதில் தலைவரின் பதவிக்காலம், வங்கிக் காசோலைக்கு எத்தனை கையெழுத்து, கழகம் கலைந்தால் சொத்து யாருக்கு என்ற மூன்று இடங்களை மட்டும் படித்தால் போதும். இந்தக் கேள்விகளைக் கேட்டவரைத் ‘துரோகி’ என்று ஒரு தலைவர் முகம் சிவந்தால், அதுவும் ஒரு பதில்தான். கோயில் அறங்காவலரிடம் உண்டியல் கணக்குக் கேட்கத் தயங்காத நாம், கழகத் தலைவரிடம் மட்டும் ஏன் கூச்சப்படுகிறோம் என்பது எனக்கு இன்றுவரை விளங்காத புதிர்.

என் அனுபவத்தில் சிறந்த தலைவர் என்று நான் சொல்லக்கூடியவர் ஒரு சிறிய கழகத்தில் இருந்தார். ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். நாங்கள் எல்லோரும் அவரை மாமா என்றே அழைப்போம். அவருடைய கழகக் கணக்கு ஒரு பச்சை அட்டை நோட்டில் இருந்தது. நடுவர் கட்டணம், கோடு போடச் சுண்ணாம்பு, ஜெர்சி துவைத்த கூலி, இடைவேளைக்கு ஒரு மூட்டை ஆரஞ்சு. ஒரு ஞாயிற்றுக்கிழமை வரவுப் பக்கத்தில் ‘பேரன் டிக்கெட், 20 ரேண்ட்’ என்று இருந்தது. என்ன இது என்றேன். ‘வாசலில் நிற்கிற பையன் என் பேரனை இலவசமாக விட்டான் தம்பி. நாளைக்குச் செயற்குழுவில் எல்லோருக்கும் பேரன் இருப்பான் இல்லையா’ என்றார்.

அவர் பதவியில் இருந்த ஒன்பது ஆண்டுகளில் கழகம் ஒரு கோப்பைதான் வென்றது. கண்பார்வை மங்கியதால் விலகுவதாக ஆண்டுக் கூட்டத்தில் அறிவித்த அன்று, பச்சை நோட்டுகள் ஏழு, வங்கி அட்டை, சாமான் அறைச் சாவிகள், 1970களில் எடுத்த அணிப் புகைப்படங்கள் இருந்த பிஸ்கட் டப்பா ஆகியவற்றை மேசைமீது வரிசையாக வைத்தார். புதிய தலைவர் எடுத்துக்கொள்ளப் போனபோது தடுத்து, எல்லாவற்றையும் பெற்றுக்கொண்டதாக ரசீது எழுதித் தரச் சொன்னார். நான்தான் எழுதினேன். ‘சாவி மூன்று’ என்று எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டவர், ‘ஒன்று பூட்டில் சரியாகத் திரும்பாது, அதையும் எழுது’ என்றார்.