ஹாராவின் மட்டை ஏன் வளைகிறது?

கிரிக்கெட் பந்து கிட்டத்தட்ட 160 கிராம் எடை. ஐஸ் ஹாக்கியில் 'பக்' என்று சொல்லும் கெட்டியான ரப்பர் வட்டும் அதே எடைதான், 156 முதல் 170 கிராம் வரை. துள்ளக் கூடாது என்பதற்காக ஆட்டத்துக்கு முன்பே அதை உறைய வைத்துவிடுவார்கள். 2003 உலகக் கோப்பையில் ஷோயப் அக்தர் 161.3 கி.மீ. வேகத்தில் வீசிய பந்து நமக்கெல்லாம் நினைவிருக்கும். 2012இல் ஒட்டாவாவில், வட அமெரிக்காவின் தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல். நடத்திய ஆல்-ஸ்டார் திறன் போட்டியில் ஸ்டெனோ ஹாரா அடித்த பக்கின் வேகம் 175 கி.மீ. அவர் ஒரு தடுப்பாட்டக்காரர். எதிரணியின் எல்லையில் அவர் நிற்கும் நீலக் கோட்டிலிருந்து கோல் கோடு 19.5 மீட்டர், ஏறக்குறைய ஒரு கிரிக்கெட் பிட்ச் நீளம். அந்த வேகத்தில் பக் அங்கே போய்ச் சேர 0.4 விநாடிதான் ஆகும்.

இவ்வளவு வேகம் கையிலிருந்து மட்டும் வந்துவிடாது. மட்டையை ஓங்கி 'ஸ்லாப் ஷாட்' அடிப்பவரைக் கவனித்தால் தெரியும்: மட்டை முதலில் பக்கைத் தொடுவதில்லை, அதற்குச் சற்றுப் பின்னால் இருக்கும் பனியைத்தான் அடிக்கிறது. அடித்ததும் மட்டையின் தண்டு வில்லைப் போல வளைகிறது. பின்காலிலிருந்து முன்காலுக்கு மாறும் உடல் எடை முழுவதும் கீழ்க்கை வழியாக அந்த வளைவுக்குள் போய்ச் சேருகிறது. அப்புறம் பக்கைத் தொட்டிருக்கும் அந்தக் கண நேரத்தில் தண்டு நிமிர்கிறது. அம்பு எய்பவரின் கையைவிட அம்பு வேகமாகப் போவதற்கும் இதுதான் காரணம். மெதுவாகச் சேர்த்த ஆற்றல் ஒரே நொடிப்பில் வெளியே வருகிறது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. ஒரே விசையைக் கொடுத்தால், இளகிய மட்டைதான் அதிகம் வளைந்து அதிக ஆற்றலைச் சேமிக்கும். அப்படியிருக்க, ஹாரா ஏன் பலரும் வளைக்கவே திணறும் விறைப்பான மட்டையை வைத்திருந்தார்? அவர் 206 செ.மீ. உயரம், 113 கிலோ எடை. அவர் கொடுக்கும் விசைக்கு இளகிய மட்டை தாங்காது. ஒன்று முறிந்துவிடும், இல்லையென்றால் நிமிர்வதற்குள் பக் கிளம்பிப் போயிருக்கும். மட்டையின் விறைப்பு ஆளுக்குப் பொருந்த வேண்டும். அவருடைய மட்டையைச் சின்னப் பையன் கையில் கொடுத்தால் அது வெறும் கட்டை.

ஆனால் ஒரு தடுப்பாட்டக்காரரின் அன்றாட வேலை ஷாட் அடிப்பதல்ல. எதிராளி பக்கோடு விரைந்து வர, அவரைப் பார்த்தபடியே பின்னோக்கிச் சறுக்க வேண்டும். இடைவெளி குறைந்தால் அவர் பக்கவாட்டில் நழுவிவிடுவார், கூடினால் நின்று ஷாட் அடிப்பார். என்.எச்.எல். விதிப்படி மட்டை 63 அங்குலம் வரை இருக்கலாம். ஆறரை அடியும் அதற்கு மேலும் உயரமானவர்கள் அனுமதி பெற்று 65 அங்குலம் வைத்துக்கொள்ளலாம். ஹாரா அப்படி வைத்துக்கொண்டவர். நீண்ட கையும் நீண்ட மட்டையும் சேர்ந்தால் என்ன ஆகும்? ஒருவர் 20 சதவீதம் கூடுதலாக எட்டினால், அவர் துழாவும் பரப்பு 44 சதவீதம் கூடும், ஏனென்றால் பரப்பு நீளத்தின் வர்க்கத்தோடு வளர்கிறது. விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வருபவருக்கு எதிராக ஒரு மீட்டர் கூடுதலாக எட்டுவது என்பது 0.1 விநாடி கூடுதல் நேரம்.

அதே வர்க்கம் அவருக்கு எதிராகவும் வேலை செய்தது. நீளமான உடலைத் திருப்புவது கடினம். திருப்புவதை எதிர்க்கும் சுழல் நிலைமம் நீளத்தின் வர்க்கத்தோடு கூடும். ஈர்ப்பு மையமும் உயரத்தில் இருக்கும். ஸ்லோவாக்கியாவின் ட்ரென்சீனில் 1977இல் பிறந்த அந்த நெட்டைப் பையனைக் கூடைப்பந்துக்குப் போகச் சொன்னவர்கள் இருந்தார்கள். அப்பா 1976 ஒலிம்பிக்கில் கலந்துகொண்ட கிரேக்க-ரோமன் மல்யுத்த வீரர்; அந்த உடலை உழைப்பால் வசப்படுத்தக் கற்றுக்கொடுத்தது அவர்தான். என்.எச்.எல். அணிகள் இளம் வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் 1996 தேர்வில் ஹாராவை நியூயார்க் ஐலண்டர்ஸ் அணி 56ஆவது ஆளாகத்தான் எடுத்தது. 2001இல் அலெக்ஸி யாஷின் என்ற வீரரை வாங்குவதற்காக ஒட்டாவா அணிக்குக் கொடுத்தும்விட்டது. அந்தப் பரிமாற்றம் ஐலண்டர்ஸுக்குப் பெரிய இழப்பு என்பதே என் எண்ணம். 2006இல் பாஸ்டன் புரூயின்ஸுக்குப் போய்க் கேப்டனானார். 2009இல் சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நாரிஸ் கோப்பை, 2011இல் என்.எச்.எல். சாம்பியன் அணிக்கான ஸ்டான்லி கோப்பை.

வயதானால் கால் வேகம் குறையும், கை எட்டும் தூரம் குறையாது. அவர் 45 வயது வரை நீடித்ததில் இதற்கும் பங்குண்டு என்று நினைக்கிறேன். ஆடிய ஆட்டங்கள் 1,680, என்.எச்.எல். தடுப்பாட்டக்காரர்களில் அதுவே அதிகம். கடைசிப் பருவத்தை ஐலண்டர்ஸ் அணிக்கே திரும்பி வந்து ஆடினார். 2022 செப்டம்பரில் பாஸ்டனோடு ஒரே ஒரு நாள் ஒப்பந்தம் போட்டு, புரூயின்ஸ் வீரராக ஓய்வு பெற்றார்.