நிறமில்லாத செப்புத்தகட்டில் அரச அதிகாரம்

இயாசிந்த் ரிகோ 1701இல் வரைந்த பிரெஞ்சு அரசர் பதினான்காம் லூயியின் உருவப்படத்தில் அதிகாரத்தின் பெரும்பகுதியை நிறங்களே சுமக்கின்றன: நீல அங்கியில் பொன்னிற லில்லிப் பூக்கள், எர்மின் என்னும் சிறுவிலங்கின் கறுப்பு வால்நுனிகள் பதித்த வெண்ணிற உரோமம், சிவந்த குதிகால் கொண்ட காலணிகள். அதே படத்தைப் பியேர் ட்ரெவே செப்புத்தகட்டில் செதுக்கியபோது அவருக்கு வாய்த்தவை கறுப்பு மையும் வெள்ளைத் தாளும் மட்டுமே. அரண்மனைக்குள் கால்வைக்க வழியில்லாத பலர் அரசரின் தோற்றத்தை அச்சுப்படங்களில்தான் கண்டார்கள் என்பதால், இழந்த நிறத்தைக் கோடுகளால் ஈடுசெய்வது பரோக் காலச் (பதினேழாம் நூற்றாண்டும் பதினெட்டின் முற்பகுதியும்) செதுக்குநர்களின் தலையாய பணியாயிற்று.

கூர்மையான எஃகு உளியைக் கையால் தள்ளிச் செம்பில் பள்ளக்கோடுகளை வெட்டுவார்கள். தகட்டில் மை பூசி மேற்பரப்பைத் துடைத்தால் பள்ளங்களில் மட்டும் மை தங்கும். ஈரத்தாளை அதன்மேல் வைத்து உருளைகளுக்கிடையே செலுத்தும்போது தாள் பள்ளத்துக்குள் அழுந்தி மையை வாங்கிக்கொள்ளும். ஆழமாக வெட்டிய கோடு அகன்று கறுக்கும், மேலோட்டமாக வெட்டியது மயிரிழையாக நிற்கும். இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் அத்தனை துணிகளும் பிறக்கின்றன. மடிப்பின் வளைவோடு பருத்து மெலியும் கோடுகள், இடையே தொடாமல் விட்ட வெண்மையுடன் சேர்ந்து பட்டின் பளபளப்பாகின்றன. குறுக்கும் நெடுக்குமாக நெருக்கிய கோடுகள் ஒளியை விழுங்கும் வெல்வெட்டாகின்றன. எர்மினுக்குத் தாளின் வெண்மையும் சில நுண்கீறல்களும் வால்நுனிகளின் கறுப்பும் போதும். உடையே குலத்துக்குச் சான்றாக நின்ற அச்சமூகத்தில், இந்தக் கைத்திறனை வெறும் அலங்காரமாக எண்ணுவது பெரும் அநீதி என்றே கருதுகிறேன்.

உருவப்படங்களில் வரும் தூண், திரை, பட்டப்பெயர்கள் பொறித்த பீடம் ஆகியவற்றைக் கோட்டில் காட்டுவது எளிது. ஒரு குடும்பத்தை அடையாளம் காட்டும் கேடயவடிவக் குலச்சின்னம் அப்படியல்ல; அதில் நிறம் மாறினால் குடும்பமே மாறிவிடலாம். இதற்கு இயேசு சபைத் துறவி சில்வெஸ்டர் பெட்ரா சாங்க்டா 1638இல் ரோமில் வெளியிட்ட நூலின் வழியே பரவிய முறை தீர்வளித்தது: செங்குத்துக் கோடுகள் சிவப்பு, கிடைக்கோடுகள் நீலம், புள்ளிகள் பொன், வெற்றிடம் வெள்ளி, செங்குத்தும் கிடையும் குறுக்கிட்டால் கறுப்பு. பார்ப்பவரின் இடப்பக்க மேல்மூலையிலிருந்து வலப்பக்கக் கீழ்மூலைக்குச் சாய்ந்தால் பச்சை, எதிர்த்திசையில் சாய்ந்தால் ஊதா. ஆகவே பிரான்சின் அரசச் சின்னத்தை, கிடைக்கோட்டுப் பரப்பின்மேல் புள்ளியிட்ட மூன்று லில்லிகளாகக் கறுப்பு மையிலேயே நிறம் பிசகாமல் காட்ட முடிந்தது.

அச்சில் படம் இடவலமாகத் திரும்பும் என்பதால் செதுக்குநருக்குச் சாய்கோடுகளே பெரும் சோதனை. நீலமும் சிவப்பும் திரும்பினாலும் மாறுவதில்லை. பச்சை வேண்டுமானால், தகட்டில் ஊதாவுக்குரிய சாய்வில்தான் வெட்ட வேண்டும்.