புலிகள் காப்பகத்துக்குள் ஊர்க்காடு: சி படிவம் முதல் மேலாண்மைத் திட்டம் வரை

தமிழ்நாட்டின் ஐந்து புலிகள் காப்பகங்களும் மலைக்காடுகள்தான். முதுமலை, ஆனைமலை, களக்காடு-முண்டந்துறை, சத்தியமங்கலம், ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை. இவற்றுக்குள்ளும் ஓரங்களிலும் வாழும் பழங்குடி ஊர்களில் ஒரு தவறான பேச்சு நெடுநாளாக உலவுகிறது: "காப்பகம்னு அறிவிச்சாச்சு, இனி உங்களுக்கு உரிமை கிடையாது." சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் வன நிலம் என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே சரணாலயமும் தேசியப் பூங்காவும் இருக்கின்றன. காப்பகத்தின் மையப் பகுதியும் விலக்கல்ல. முக்கியப் புலி வாழிடங்களில் இந்த உரிமைகளை வழங்க வேண்டாம் என்று தேசியப் புலிகள் காப்பு ஆணையம் 2017 மார்ச்சில் ஒரு கடிதம் அனுப்பியது. மறு ஆண்டே அது திரும்பப் பெறப்பட்டது. இன்றும் யாராவது அதைக் காட்டினால், அது செல்லாது என்று எழுத்திலேயே பதில் கொடுக்கலாம்.

இந்தச் சட்டத்தில் மூன்று படிவங்கள் உண்டு. ஏ படிவம் தனிநபர் நிலத்துக்கு: 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே அனுபவத்தில் உள்ள நிலம், அதிகபட்சம் 4 ஹெக்டேர். பி படிவம் தேன், நெல்லி, மேய்ச்சல், மீன் போன்ற பொது உரிமைகளுக்கு. சி படிவம் சமூக வன வளத்துக்கு. அதாவது ஊர் வழிவழியாகப் புழங்கிவரும் காட்டைக் காக்கவும், மீட்கவும், மேலாண்மை செய்யவும் கிராம சபைக்கு உள்ள உரிமை. சட்டத்தின் 3(1)(ஐ) பிரிவு இதைச் சொல்கிறது. பல ஊர்களில் ஏ படிவத்தை மட்டும் கொடுத்துவிட்டு, பட்டா வந்ததும் வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். வீட்டையும் கொல்லையையும் காப்பது ஏ படிவம். காட்டை எப்படிப் பேணுவது என்ற முடிவில் ஊருக்கு இடம் தருவது சி படிவம் மட்டுமே. இந்த விளக்கம் அதைப் பற்றியது.

முதலில் இடமாற்றம் பற்றி

உரிமைகளைச் சரிபார்த்து அங்கீகரிக்கும் பணி முடியும் வரை யாரையும் காட்டைவிட்டு வெளியேற்றக் கூடாது. அதன் பிறகும், மக்கள் அங்கிருப்பதால் விலங்குகளுக்கு மீட்க முடியாத சேதம் வரும், சேர்ந்து வாழ வேறு வழியே இல்லை என்று நிறுவ வேண்டும். கிராம சபை விவரம் அறிந்து, தன் விருப்பப்படி, எழுத்தில் சம்மதிக்க வேண்டும். போகும் இடத்தில் நிலமும் வசதிகளும் முன்பே தயாராக இருக்க வேண்டும். தானாக முன்வந்து காப்பகத்தைவிட்டு வெளியேறும் குடும்பத்துக்கான தொகை 10 லட்சமாக இருந்தது, 2021-இல் 15 லட்சம் ஆனது. உரிமைகளை முடிவு செய்யாமல் பணத்தை முதலில் பேச வருபவரிடம் கையெழுத்துப் போட வேண்டாம்.

எந்தக் கிராம சபை?

மலையில் முதல் சிக்கல் இங்கேதான் வருகிறது. ஊராட்சி முழுவதற்குமான கிராம சபையில் அடிவாரத்துக்காரர்களே அதிகம். தீர்மானம் நிறைவேற மொத்த உறுப்பினர்களில் பாதிப்பேர் வந்திருக்க வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும். இருபது கிலோமீட்டர் கீழே கூட்டம் போட்டால் மலையிலிருந்து யார் வருவார்கள்? 2012-இல் திருத்திய விதிகள் இதற்கு வழி செய்திருக்கின்றன. ஊராட்சி தன் எல்லைக்குள் உள்ள குக்கிராமங்கள், வனக் கிராமங்கள், அளவீடு செய்யப்படாத குடியிருப்புகள் அனைத்தையும் பட்டியலிட்டுத் தீர்மானம் போட்டு அனுப்ப வேண்டும். அந்தப் பட்டியலில் உங்கள் ஊர் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அந்த ஊரளவிலேயே சபை கூட்டலாம்.

சபை தேர்ந்தெடுக்கும் வன உரிமைக் குழுவில் 10 முதல் 15 பேர். மூன்றில் இரண்டு பங்கு பழங்குடியினர், மூன்றில் ஒரு பங்கு பெண்கள். பெண்களின் பெயரை எண்ணிக்கைக்காகச் சேர்த்துவிட்டு வரைபட வேலைக்கு ஆண்கள் மட்டும் போனால், கிழங்கு தோண்டும் இடமும் கீரை பறிக்கும் ஓடையும் படத்தில் விடுபட்டுப்போகும்.

வரைபடமும் சான்றுகளும்

சி படிவம் மிகச் சிறியது. ஊர், ஊராட்சி, வட்டம், மாவட்டம், சபை உறுப்பினர் பட்டியல், வரைபடம், அண்டை ஊர்கள், சான்றுகளின் பட்டியல், அவ்வளவுதான். வன அளவீட்டு எண் "தெரிந்தால்" எழுதலாம் என்றே படிவம் சொல்கிறது. எண் இல்லை என்று மனுவைத் திருப்பினால் அது தவறு.

எல்லையை வனத்துறையின் பீட் எல்லையிலிருந்து தொடங்காதீர்கள். அது காவலுக்காகப் போட்ட கோடு, உங்கள் புழக்கத்தின் கோடு அல்ல. பெரியவர்களோடு நடந்து, மலைத்தேன் கட்டும் பாறை, சுனை, பழைய ஊர் இருந்த மேடு, சாமி மரம், சுடுகாடு, மாடு படுத்த பட்டி என ஒவ்வொன்றுக்கும் ஊர் வழங்கும் பெயரையும் ஜிபிஎஸ் புள்ளியையும் குறித்துக்கொள்ளுங்கள். இவைதான் விதிகள் ஏற்கும் சான்றுகள். ஒன்றுக்கு மேற்பட்ட சான்று தேவை. பெரியவர்களின் வாக்குமூலத்தை எழுதி வாங்குவதும் சான்றே. ஒரே சுனையை இரண்டு ஊர் புழங்கினால் மறைக்க வேண்டாம். இரு குழுக்களும் சேர்ந்து உட்கார்ந்து எழுதிக் கொடுத்தால் போதும், பிறகு வரும் தகராறு குறையும்.

கள ஆய்வுக்கு வனத்துறைக்கும் வருவாய்த்துறைக்கும் எழுத்தில் அறிவிப்புக் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். வருபவர் பதவி, தேதி, கருத்தோடு கையெழுத்திட வேண்டும். வராமல் இருந்துவிட்டு, பிறகு "நாங்கள் இல்லாமல் நடந்தது" என்று ஆட்சேபித்தால் மனு ஒரு முறை சபைக்குத் திரும்பும். மறுபடியும் வராவிட்டால் சபையின் முடிவே இறுதி. அந்த ஒப்புகைச் சீட்டு இல்லாத ஊர் இதை நிரூபிக்க முடியாமல் தவிக்கும்.

சபைத் தீர்மானம் கோட்ட அளவிலான குழுவுக்கும், அங்கிருந்து ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்கும் போகும். ஒவ்வொரு நிலையிலும் மேல்முறையீட்டுக்கு 60 நாள். செயற்கைக்கோள் படத்தில் தெரியவில்லை என்பது மட்டும் நிராகரிக்கக் காரணமாகாது, அது துணைச் சான்றுதான். ஓர் ஊருக்குச் சமூக வன வளம் அங்கீகரிக்கப்படவில்லை என்றால் அதற்கான காரணத்தை மாவட்டக் குழுவின் செயலர் பதிவு செய்தாக வேண்டும். இதை மனுப்போட்டுக் கேளுங்கள்.

உரிமைச் சான்று கைக்கு வரும்போது கைதட்டுவதற்கு முன் மூன்றைப் பாருங்கள்: அது விதிகளின் இணைப்பு நான்கின் வடிவத்தில் இருக்கிறதா, கிராம சபை பெயரில் இருக்கிறதா (வனத்துறை அமைக்கும் கிராம வனக் குழு பெயரில் அல்ல), நீங்கள் கொடுத்த எல்லை குறையாமல் இருக்கிறதா.

உரிமை வந்த பிறகு

கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கன் மலையில், புலிகள் காப்பகத்துக்குள்ளேயே 2011-இல் சோளகர் பழங்குடியினருக்குச் சமூக உரிமைகள் கிடைத்தன. அதற்கு முன் சரணாலயம் என்ற காரணத்தால் நெல்லி, தேன், கல்பாசி எடுத்து விற்பது சில ஆண்டுகள் அங்கே தடைப்பட்டிருந்தது. சிறு வன மகசூலுக்கு இப்போது விதிகளே இடம் தருகின்றன: கொண்டுபோகும் அனுமதிச் சீட்டைக் கிராம சபையின் குழுவே கொடுக்கலாம். வேட்டை மட்டும் எந்த உரிமையிலும் அடங்காது.

சபை ஒரு பாதுகாப்புக் குழு அமைத்து மேலாண்மைத் திட்டம் எழுத வேண்டும். "காட்டைக் காப்போம்" என்று பொதுவாக எழுதினால் அது தாளில் தூங்கும். எந்த இடம், எந்த மாதம், யார் பொறுப்பு என்று எழுதுங்கள். நெல்லி என்றால்: கிளையை வெட்டக் கூடாது, மரத்துக்கு எவ்வளவு காய் விட வேண்டும், மரத்தை உறிஞ்சும் புல்லுருவியைப் பறிக்கும்போதே ஒடித்துப்போட வேண்டும். தேன் என்றால்: எந்தப் பாறையில் எத்தனை அடை விடுவது.

உண்ணிச்செடிக்கு (லாண்டானா) திட்டத்தில் தனிப் பகுதி வேண்டும். மலைக்காட்டின் புல்லை அது மூடிவிட்டால் மான், காட்டெருமைக்குத் தீனி இல்லை, மனிதருக்கு நடக்க வழியும் இல்லை. மண்வெட்டியால் சுற்றிலும் கிளறிப் பிடுங்கினால், மண்ணில் புதைந்த விதைகள் மேலே வந்து அடுத்த மழைக்கு அடர்ந்து முளைக்கும். தரைமட்டத்தில் அரிந்தாலும் தளிர்த்துவிடும். மண்ணுக்கு அடியில் 3 முதல் 5 சென்டிமீட்டரில் ஆணிவேரை வெட்டி, செடியைத் தூக்கித் தலைகீழாக அடுக்க வேண்டும். காய் பிடிக்கும் முன் செய்ய வேண்டும். பறவைகள் உட்காரும் மரத்தடியில் விதை மறுபடி விழும், அங்கே அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகள் நாற்றுகளைப் பிடுங்க வேண்டும். வெட்டிய இடத்தில் உள்ளூர்ப் புல் விதையைத் தூவாவிட்டால் உண்ணியே திரும்பும். கூலிக்கு ஒரு முறை வெட்டிவிட்டுப் போகும் வேலை பெரும்பாலும் இதனால்தான் வீணாகிறது. திட்டத்தில் பின்தொடர் ஆண்டுகளுக்கும் ஆள், கூலி எழுதுங்கள்.

நெருப்பு கொஞ்சம் சிக்கல். கோடை தொடக்கத்தில் சருகை மட்டும் மெல்ல எரிக்கும் பழக்கம் நின்றதால்தான் உண்ணி பெருகியது என்று சோளகர்கள் சொல்கிறார்கள், அதைக் கேட்க வேண்டும் என்பதே எங்கள் கருத்து. ஆனால் சரணாலயத்தில் தீ வைப்பது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆகவே ஊர் தனியாகச் செய்யக் கூடாது. எந்த இடத்தில், எந்த வாரத்தில், எவ்வளவு அகலத் தீத்தடுப்புக் கோட்டுக்குள் என்று திட்டத்தில் எழுதி, வனத்துறையோடு சேர்ந்து சோதனையாகச் செய்யக் கோருங்கள்.

எழுதி முடித்த திட்டத்தைச் சபையில் வாசித்துத் தீர்மானமாக்கி, நகலைக் காப்பகத்தின் கள இயக்குநருக்கும் ஆட்சியருக்கும் அனுப்புங்கள். ஊர்த் திட்டத்தை வனத்துறையின் மேலாண்மைத் திட்டத்தோடு இணைக்க வேண்டும் என்பது விதி. கடிதத்தில் அந்த வரியைச் சேர்த்து, எழுத்தில் பதில் கேட்டு, பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.